கனகத்தின் பத்திரிகையும் ஃபெ என்ற சொல்லும்

போன மாதம் ஒரு மத்தியானம் திவ்யா போன் செய்தாள். ஓய்வு பெறும் வரை நான் வேலை பார்த்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கெட்டிக்காரப் பெண். தலை போகிற அவசரம் என்றால்தான் கூப்பிடுவாள். அன்றைக்குக் குரலில் சிரிப்பும் பதற்றமும் கலந்திருந்தன.

"யக்கா, பழைய பத்திரம் ஒண்ணு வந்திருக்குது. பிரெஞ்சுல இருக்குது. கம்ப்யூட்டர்ல போட்டா 'நெருப்பு சுப்புராயன் மகன்'னு வருது. என்னக்கா இது கூத்து?"

"நெருப்பும் இல்ல, பந்தமும் இல்லடி. சுப்புராயன் காலமாயிட்டாருன்னு அர்த்தம். நெருப்புக்கும் ஃபெதான், ஆனா இது வேற ஃபெ."

"அப்ப பொம்பளையா இருந்தா? கடைசில ஒரு எழுத்து கூட்டணுமா?"

"சில நேரம் கூட்டணும்."

"சில நேரம்னா எந்த நேரம்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். விதியைச் சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஆயுசில் பாதியை அந்த ஒரு சொல்லோடு கழித்திருக்கிறேன். அதை எப்போது போடுவது, எப்போது போடக் கூடாது என்று யாராவது இன்றைக்குக் கேட்டால் எனக்கு நேராகப் பதில் வராது. இலக்கணம் தெரியாததால் இல்லை. கனகம் என்று ஒருத்தி வந்து என்னைக் குழப்பிவிட்டுப் போனாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சில் பெயரடை சும்மா இருக்காது. தான் சேரும் பெயர்ச்சொல் ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்று பார்த்துத் தன் வாலை மாற்றிக்கொள்ளும். ஃபெயும் பெயரடைதான். காலஞ்சென்ற என்று பொருள். ஆனால் அது ஒரு வீம்பு பிடித்த சொல். 'என்' என்ற சொல்லுக்கும் 'அம்மா' என்ற சொல்லுக்கும் நடுவே அதை உட்காரவைத்தால் ஒழுங்காகப் பெண்பாலுக்கு மாறும்; எழுத்தில் ஒரு எழுத்து கூடும். 'மா ஃபெ மேர்' என்று எழுதுவோம். அதையே தூக்கி 'என்'னுக்கும் முன்னால் வைத்து 'ஃபெ மா மேர்' என்று எழுதினால் யாருக்காகவும் மாறாது. அம்மாவானாலும் அப்பாவானாலும் அத்தை நாலு பேரானாலும் அதே மொட்டை ஃபெ. இரண்டும் சரி. இதில் இன்னொரு வேடிக்கை, எப்படி எழுதினாலும் வாயில் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். வாத்தியார் முதன்முதலில் இதைச் சொன்னபோது, காதில் கேட்காத வித்தியாசத்துக்கு எதற்கு மதிப்பெண் குறைக்கிறார்கள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. நம் 'காலஞ்சென்ற' எவ்வளவு தங்கமான சொல். யாருக்காகவும் மாறாது, எங்கேயும் சண்டை போடாது.

என் அப்பா மில் தொழிலாளி. எங்கள் வீடு கருவடிக்குப்பத்தில். பள்ளியில் பிரெஞ்சு ஒரு பாடமாக இருந்தது. மற்ற எதிலும் தேறாத நான் அதில் தேறினேன். டைப்பிங் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்து, பிறகு பரீட்சை எழுதி மொழிபெயர்ப்பாளர் ஆனேன். படிப்புக் கதை அவ்வளவுதான். அதில் சுவாரசியம் ஒன்றும் கிடையாது.

சுவாரசியம் எல்லாம் மதாமிடம் இருந்தது. அலுவலகம் அவருடையது. சான்றிதழ்களை மொழிபெயர்த்து, உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் முத்திரை வைக்கும் அதிகாரம் அவருக்குத்தான். தமிழ்க் கிறிஸ்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். முழங்காலுக்குக் கீழே இறங்கும் கவுன், காதில் சின்ன முத்து, கையில் ஒரு பின்னல் ஊசி. பின்ன மாட்டார். மூலத்தின் ஒவ்வொரு வரிக்கும் கீழே அந்த ஊசியை வைத்துத்தான் வாசிப்பார். வரி முடிந்தால் பிரெஞ்சில் 'சரி' என்கிற மாதிரி "போன்" என்பார். ஊசி அடுத்த வரிக்கு இறங்கும். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்கவேண்டும். நான் முணுமுணுத்தால், "வசந்தா, தப்பா எழுதுனா ஜனங்க அலையணும். நாம இல்ல," என்பார்.

அவர் கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் சேர்வதற்கு முன்பே இறந்துவிட்டார். மதாம் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஃபெ மோன் மாரி இந்த நாற்காலிலதான் உக்காருவாரு," "ஃபெ மோன் மாரிக்கு நண்டு ஆவாது," இப்படித்தான். 'காலஞ்சென்ற என் கணவர்' என்பது ஏதோ பட்டம் மாதிரி. துக்கமாகச் சொல்கிறாரா, வழக்கத்தில் சொல்கிறாரா என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. மூலத்தில் எத்தனை பெயர் வந்தாலும் ஒவ்வொருவரைப் பற்றியும் வந்தவரிடம் கேட்டாக வேண்டும். இருப்பவர் என்றால் பெயருக்கு மேலே ஒன்றும் போட மாட்டோம். இறந்தவர் என்றால் பென்சிலால் சின்னதாக ஒரு சிலுவை. பிறகு பிரெஞ்சில் அடிக்கும்போது சிலுவை உள்ள இடத்தில் ஃபெ வரும். கடைசியில் பிரெஞ்சில் எழுதியதைத் தமிழில் சொல்லி வந்தவருக்குப் படித்துக் காட்டவேண்டும். அவர் தலையாட்டினால்தான் முத்திரை.

இந்தப் படித்துக் காட்டுதல் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் சேர்ந்த புதிதில் ஒரு பையன் தன் பிறப்புச் சான்றிதழோடு வந்தான். "அப்பா இருக்காரா?" என்று கேட்டேன். "இல்லீங்க," என்றான். சிலுவை போட்டு, ஃபெ அடித்து, முத்திரையும் வைத்துக் கொடுத்துவிட்டோம். மறுநாள் குடையோடு ஒரு பெரியவர் படியேறி வந்தார். வெயிலில் வந்த களைப்பு, மேலே கோபம் வேறு.

"நான்தாங்க அந்தப் பையனோட அப்பா. என்னை எப்ப எடுத்தீங்க? எங்க வீட்டுல யாரும் சொல்லவே இல்லியே?"

அப்பா வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டதாகப் பையன் நினைத்துவிட்டான். அவர் அப்போது உரக் கடைக்குப் போயிருந்திருக்கிறார். மதாம் எழுந்து நின்று அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து படித்துக் காட்டாமல் முத்திரை கிடையாது, யாரையும் 'இருக்காரா' என்று கேட்கவும் கூடாது என்று உத்தரவு. 'சுகமா இருக்காரா' என்று கேட்கவேண்டும். இல்லாதவர் என்றால் அந்த இடத்தில் ஜனங்கள் முகம் மாறும், தொண்டையைச் செருமுவார்கள், "அவரு சாமிகிட்ட போயிட்டாரு" என்பார்கள். பிறகு சிலுவை. இவ்வளவு ஏற்பாடு செய்து வைத்திருந்தோம், யாரும் எங்களிடம் தப்ப முடியாது என்று நினைத்திருந்தோம்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு தேன்மொழி என்ற பெண் வந்தாள். காலாப்பட்டுப் பக்கத்து மீனவக் குப்பம். தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இங்கத்திய ஆட்கள்தான். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்ததால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. பையனுக்கு பாரீஸ் பக்கம் வேலை. கல்யாணம் முடிந்ததும் இவளும் போகவேண்டும். அதற்கான காகிதங்களைக் கொண்டுவந்திருந்தாள்: அவளுடைய பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அச்சுக்குக் கொடுக்கப்போகும் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி. இந்தப் பத்திரிகை விஷயம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. கல்யாணம் உண்மையானதுதானா, காகிதத்துக்காக நடந்ததா என்று அங்கே சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் தோண்டுவார்கள். அதனால் போட்டோ, பத்திரிகை எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக் கோப்பில் சேர்த்து அனுப்புவது இங்கே வழக்கம்.

"அப்பா…" என்று ஆரம்பித்தேன்.

"இல்லீங்க. சர்ட்டிபிகேட் உள்ள இருக்குது," என்றாள். முகமும் மாறியது. அப்புறம் என்ன சந்தேகம்? அவள் போனதும் எல்லாக் காகிதத்திலும் ஆறுமுகம் என்ற அவள் அப்பா பெயருக்கு மேலே சிலுவை போட்டேன். பத்திரிகை மாதிரியிலும் போட்டேன். போட்ட பிறகுதான் அதை ஒழுங்காகப் படித்தேன். 'திரு. ஆறுமுகம் – திருமதி. கனகம் ஆகிய நாங்கள் எங்கள் மகளின் திருமணத்துக்கு அன்புடன் அழைக்கிறோம்' என்று இருந்தது. இறந்துபோனவர் எப்படி அழைப்பார்? மாதிரி எழுதியவர்கள் கவனிக்காமல் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் தேன்மொழிக்குப் பதிலாக அவள் அம்மா கனகம் வந்தாள். மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். நல்ல உயரம், உரத்த குரல். நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம், கழுத்தில் தாலி, தலையில் கதம்பம். எனக்கு முதல் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

பத்திரிகையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். படிக்கத் தெரிந்தவள். விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவள் தன் கணவர் பெயரில் நின்றாள்.

"இது இன்னாம்மா, மேல கூட்டல் குறி?"

"அது எங்க ஆபீஸ் அடையாளம். அவரு இல்லைன்னு…"

நான் முடிக்கவில்லை. அவள் கட்டைவிரலை நாக்கில் தொட்டு அந்தச் சிலுவையைத் தேய்த்தாள். பென்சில் போகவில்லை, பரவிக் கறுப்பானது. முந்தானையால் இன்னும் தேய்த்தாள். காகிதம் கிழிகிற மாதிரி ஆகிவிட்டது.

"இந்தக் காயிதத்துல போடாத. மத்ததுல இன்னா வேணா போட்டுக்க."

"ஏம்மா, இறப்புச் சான்றிதழும் நீங்கதான குடுத்தீங்க?"

"ஆமா. கோர்ட்டுல கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

"அப்ப அவரு…"

"கடல்ல இருக்காரு," என்றாள்.

கதையைக் கேட்டு வாங்கினேன். தேன்மொழி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஆறுமுகம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகு மட்டும் எங்கோ வடக்கே கரை ஒதுங்கியது. உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு இல்லாததால் ஊரில் காரியம் செய்யவில்லை. காரியம் செய்யாததால் கனகத்தின் பொட்டை யாரும் எடுக்கவில்லை. வருஷங்கள் ஓடின. தேன்மொழியின் படிப்புக்கும் பிறகு இந்தச் சம்பந்தத்துக்கும் காகிதம் தேவைப்பட்டதால் கோர்ட்டுக்குப் போய் இறப்புச் சான்றிதழ் வாங்கினார்கள். ஆறுமுகத்தின் அண்ணன் தணிகாசலம் சாட்சி சொன்னார். ஆக, கோர்ட்டில் ஆறுமுகம் இறந்துவிட்டார். ஊரில் இன்னும் சாகவில்லை. எங்கள் மேசையில் ஒரே உறைக்குள் இரண்டு ஆறுமுகமும் கிடந்தார்கள்.

பாவம், இத்தனை வருஷம் ஆகியும் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளிடம் கனிவாகப் பேச ஆரம்பித்தேன். என் கனிவு அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பக்கத்து அறையிலிருந்து மதாம் வந்து இரண்டு காகிதங்களையும் ஊசி வைத்து வாசித்தார். "போன்," என்றார். பிறகு கனகத்தைப் பார்த்தார்.

"பாருங்க, உள்ளது எதுவோ அதத்தான் நாங்க எழுதுவோம். இந்தக் காயிதம் செத்துட்டாருங்குது, இது அவரு கூப்புடுறாருங்குது. ரெண்டுலயும் என் முத்திரை. அங்க ஒக்காந்து படிக்கிறவன் உங்க பொண்ண என்ன நெனப்பான்? கல்யாணமே பொய்யின்னு நெனப்பான். கோப்பு திரும்பி வரும்."

"தெரியும் மதாம். மாப்ள வூட்டுலயும் அததான் சொல்றாங்கோ."

"அப்ப 'காலஞ்சென்ற'ன்னு போட்டுடுங்களேன்."

கனகம் பேசியபோது அந்த உரத்த குரல் இல்லை.

"அந்த ஒரு சொல்லு போட்டா எம் பொண்ண நான் தாரை வாக்க முடியாது மதாம். தாலி அறுத்தவ மேடை ஏறக் கூடாதும்பாங்கோ. எங்க மூத்தாரும் அவரு பொண்சாதியும்தான் ஏறுவாங்கோ. நான் பந்தல் ஓரமா நிக்கணும். அவரு போன நாள்லேருந்து அந்தப் பொண்ண மீன் கூடை தூக்கி வளத்தவ நான். எம் பொண்ணுக்கு நான்தான் தண்ணி வாக்கணும்."

"அவரு வருவாருன்னு நெனைக்கிறீங்களா?" என்று நான் நடுவில் கேட்டுத் தொலைத்தேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "கடல்காரன் பொண்சாதிகிட்ட கேக்குற கேள்வியா இது? படகு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். முகூர்த்தம் முடியிற வரைக்கும் அவரு உசுரோட இருந்தா போதும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஏமாந்து நம்பிக்கொண்டிருக்கும் பெண் இல்லை. எல்லாம் தெரிந்தே அவரை நிறுத்தி வைத்திருக்கிறாள். அவள் மேல் எனக்குப் பரிதாபம் போய் வேறு ஏதோ வந்தது. மரியாதை என்று சொல்லலாமா? பயமும் கொஞ்சம் இருந்தது. எது நியாயம் என்று எனக்குப் புரியவே இல்லை. உள்ளதை உள்ளபடி எழுது என்று இத்தனை வருஷம் படித்ததெல்லாம் சரிதான். உள்ளது எது என்றுதானே இப்போது கேள்வி.

இரண்டு நாள் கழித்துத் தணிகாசலம் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, ஊர்ப் பெரிய மனிதர் என்ற தோரணை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அது புத்தி கெட்டுப் பேசுது. எங்க பொண்ணு வாழ்க்கை இது. கோர்ட்டுல ஏறி எந் தம்பி செத்தான்னு சத்தியம் பண்ணவன் நான். அதுக்கு எவ்ளோ மனசு வேணும் தெரியுமா? இப்ப பத்திரிகைல அவன் பேரு உசுரோட வந்தா ஊர்ல என்னைய என்னா கேப்பாங்கோ? நீங்க 'காலஞ்சென்ற'ன்னே போட்டு அடிச்சுக் குடுங்க."

"தமிழை மாத்துறது எங்க வேலை இல்லீங்க," என்றேன்.

"பிரெஞ்சுல போட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்தப் பெண் அங்கே போய்ச் சேரவேண்டும் என்ற கவலைதான் அவருக்கும். கனகம் சொல்வதைக் கேட்டால் கனகம் சரி. இவர் சொல்வதைக் கேட்டால் இவர் சரி. நான் மதாம் முகத்தைப் பார்த்தேன். ஒரு காற்புள்ளிக்காகப் பக்கம் முழுவதையும் கிழித்துப் போடுகிற மனுஷி, இவரை இரண்டு வார்த்தையில் அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

மதாம் பிறப்புச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் தனியே எடுத்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி இந்த ரெண்டும் போதும். இதுல ஃபெ வரும். முடிச்சுத் தரோம்." பத்திரிகையை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் போட்டுச் சாத்தினார். "இது கல்யாணத்துக்கு அப்புறந்தான் வேணும். அப்ப பாக்கலாம்."

'பாக்கலாம்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. தணிகாசலம் போன பிறகு, "அப்புறம் மட்டும் என்ன மாறப்போவுது மதாம்?" என்று கேட்டேன். "தெரியல வசந்தா," என்றார். பின்னல் ஊசியை எடுத்து அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார். எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் எப்போதும் இருந்துவந்தேன். அன்றைக்கு அவருக்கும் தெரியவில்லை.

பத்திரிகை கனகம் சொன்னபடியே அச்சாகி எங்களுக்கும் வந்தது. மதாமுக்கு முட்டிவலி, அதனால் நான் மட்டும் போனேன். குப்பத்துக் கோயில் பக்கத்தில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வரிசை, குப்பத்து ஜனம் மீதி. கனகம் அரக்குப் பட்டுப் புடவையில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். தணிகாசலமும் அவர் மனைவியும் மேடைக்குப் பக்கத்திலேயே தயாராக நின்றார்கள். அவர்கள்தான் ஏறப்போகிறார்கள் என்று நினைத்தேன். சாப்பிடாமல் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. அவர்கள் முறைப்படி அப்பா மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்கவேண்டும். அம்மா செம்பிலிருந்து நீர் வார்க்கவேண்டும். ஐயர் மாப்பிள்ளை வீட்டார் கூட்டிவந்தவர், வெளியாள். பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "பொண்ணோட தோப்பனார் ஆறுமுகம், தாயார் கனகம், வாங்கோ," என்று கூப்பிட்டார்.

பந்தலில் பேச்சு அடங்கியது. கனகம் செம்பை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்து மணையில் உட்கார்ந்தாள். பக்கத்து மணை காலி.

"தோப்பனார் எங்கே?"

தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். நான் தணிகாசலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேடை ஏறினார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் மணையில் உட்காரவில்லை. தாம்பாளத்தில் இருந்த புது வேட்டியை எடுத்து, அதை மடித்து, கனகத்துக்குப் பக்கத்து மணையில் வைத்தார். வெளிநாட்டில் வேலையாக இருக்கும் தகப்பனுக்கு அந்தக் குப்பத்தில் அப்படித்தான் செய்வார்களாம்.

"தம்பி கடலுக்குப் போயிருக்கான். நேரம் ஆவுது, நீங்க நடத்துங்க ஐயரே," என்றார். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டது.

குப்பம் முழுக்க அங்கே இருந்தது. படகு வெறுமனே ஒதுங்கியதைப் பார்த்தவர்கள், இவர் கோர்ட்டில் சாட்சி சொன்னதை அறிந்தவர்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அண்ணன் தம்பிக்காகக் கையைப் பிடித்துக் கொடுக்க, கனகம் நீர் வார்த்தாள். செம்பு காலியான பிறகும் கவிழ்த்தபடியே வைத்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் நான் பெண் வீட்டு உறவு என்று நினைத்துக்கொண்டு கையைப் பிடித்தாள். தணிகாசலம் ஏன் மனம் மாறினார், எப்போது மாறினார், அது எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.

அந்தக் கோப்பு என்ன ஆனது என்று நீங்கள் கேட்பீர்கள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேன்மொழி போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு குழந்தைகள். பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவாள்.

அந்தக் கோப்பு போவதற்கு முன்னால், கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில், கனகம் அலுவலகத்துக்கு வந்தாள். வெளியே தணிகாசலம் மொட்டைத் தலையோடு பைக்கில் உட்கார்ந்திருந்தார். முதலில் எனக்குக் கனகத்தையே அடையாளம் தெரியவில்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்திலும் ஒன்றும் இல்லை. ஊரில் காரியம் முடித்துவிட்டார்கள் என்று புரிந்தது.

மதாம் எழுந்து போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். இழுப்பறையில் இருந்த பத்திரிகையை எடுத்தார். கனகம் அதைத் தொடவில்லை.

"பத்திரிகைல உள்ளத உள்ளபடியே எழுதிடுங்க மதாம். அதோட நான் ஒண்ணு சொல்றேன், அதையும் எழுதி வெச்சிடுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

வழி என்னவென்று நாங்கள் இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருக்க, அவளே கண்டுபிடித்து வந்திருந்தாள். சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். மகள் கல்யாணப் பத்திரிகையில் கணவர் பெயரை உயிரோடு இருப்பவர் போலப் போடச் சொன்னது தான்தான் என்றாள். பெற்ற பெண்ணைத் தானே தாரை வார்த்துக் கொடுக்கவேண்டும் என்ற ஆசையில் அப்படிச் செய்ததாகவும், அதில் பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ சம்பந்தம் இல்லை என்றும் சொன்னாள். மீன் விலை சொல்கிற மாதிரி, எங்கேயும் தடுக்காமல் சொன்னாள்.

பிரெஞ்சில் அடிக்க உட்கார்ந்தேன். ஃபெயை 'என்'னுக்கு முன்னால் வைப்பதா, நடுவில் வைப்பதா என்று கை நின்றது. இரண்டும் சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மதாமைத் திரும்பிப் பார்த்தேன். "ஃபெ மோன் மாரி," என்றார் மதாம் மெதுவாக. எதைச் சொல்கிறார், சொல்லையா, தன் வீட்டுக்காரரையா என்று ஒரு நொடி எனக்குக் குழம்பியது. அப்படியே அடித்தேன்.

பிறகு நடைமுறைப்படி தமிழில் படித்துக் காட்டவேண்டும். என் குரல் நடுங்கிவிடக் கூடாது என்ற பயத்தில் கடகடவென்று ஆரம்பித்தேன். "காலஞ்சென்ற என் கணவர் ஆறுமுகத்தின் பெயரை…"

கனகம் கையை நீட்டி மேசை மேல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரும்மா," என்றாள். "அவரு இப்பத்தான் செத்துருக்காரு. கொஞ்சம் மெதுவா படி."